ரோகிணிக்கு முன்னால்

டிசம்பர் 5, வெள்ளி

இந்த வார்டுக்குள் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். தையல் உட்கார விடவில்லை, சிஸ்டர் நடக்க விடவில்லை. கையையாவது ஆட்டிக்கொண்டிருப்போம் என்று இந்த டைரியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குக் கொடுத்தது. முன்பக்கங்களில் எட்டாம் வகுப்புக் கபடி அணியின் பெயர்களும், யாருக்கு எந்த அளவு பனியன் என்பதும் இருக்கின்றன. நான் பி.டி. டீச்சர். வயிற்றைத் தள்ளிக்கொண்டே எட்டாம் மாதம் வரைக்கும் விசில் ஊதினவள். என்னைப் போய்ப் படு, படு என்றால் எப்படி?

நேற்று மத்தியானம் எனக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். அண்ணன் ஊரில் உள்ள நர்சிங் ஹோமில் பிறந்தான். அழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள், வாயில் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். நனைந்த துணி மாதிரிக் கிடந்தான். என் வீட்டுக்காரர் செய்தி கேட்டு ஓடிவந்து, ஆம்புலன்ஸில் போட்டுத் திருநெல்வேலிக்கு, இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் இன்று காலையில்தான் வடிவு மைனியோடு காரில் வந்தேன். மைனி என் அண்ணன் பெண்டாட்டி. அப்பாவும் அம்மாவும் போனபோது எனக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது மைனிதான், கல்யாணம் பண்ணிவைத்தது அண்ணன்தான். தலைப்பிரசவத்துக்கும் அங்கேதான் போயிருந்தேன்.

பிள்ளையை ஒரு குளிர் மெத்தையில் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் அப்படியே கிடக்கவேண்டுமாம். நம் ஊரில் பச்சைப்பிள்ளையின் காதில் காற்றுப் போகக்கூடாது என்று பஞ்சு வைத்து அடைப்பார்கள். இவன் ஒரு டயப்பரோடு குளிரில் கிடக்கிறான். தொட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. எனக்கு அந்த மெஷினைத் தூக்கி வெளியே எறியவேண்டும் போல இருந்தது.

குழந்தைகள் டாக்டர் பெயர் எப்சிபா. சின்ன உருவம், கணீர்க் குரல். "மூளைக்கு ரத்தமும் மூச்சும் சரியாப் போகாம இருந்திருக்கும்மா. குளிர்ல வச்சா மேற்கொண்டு கெடாமக் கொஞ்சம் காப்பாத்தலாம். எவ்வளவு காப்பாத்தலாம்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். பிறகு கேட்டார்: "அங்க என்ன நடந்துச்சு? வலி வர ட்ரிப் ஏத்துனாங்களா? வலி விட்டு விட்டு வந்துச்சா, விடாம வந்துச்சா?"

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றேன்.

எனக்கு ஞாபக மறதி கிடையாது. ஆறாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளைக்கு எந்தக் கால் பலம் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லுவேன். ஆனால் பிரசவ வலியில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

டிசம்பர் 6, சனி

பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். பிள்ளை இரண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டினான். எனக்கு வந்த சந்தோஷத்தில், "சிஸ்டர், இங்க பாருங்க, என்னமா காலை ஆட்டுதான்! என் பிள்ளைலா!" என்று கத்திவிட்டேன். சிஸ்டர் வந்து ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

அது ஃபிட்ஸாம், வலிப்பு.

டிசம்பர் 7, ஞாயிறு

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. கறக்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். வரிசையாக நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து கறக்கிறோம். பக்கத்துக் கட்டில் செய்துங்கநல்லூர்க்காரி, "டீச்சர், பால் சொசைட்டிக்கு வந்த மாதிரி இருக்குலா" என்றாள். சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதத்தில் இரட்டைப் பிள்ளை பிறந்து, ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்குக் கண்ணைத் துடைத்துவிட்டு, எழுந்து வராந்தாவில் நடந்தேன். சிஸ்டர் திட்டினார். "ஏம்மா, தையல் பிரிஞ்சா நானா தைக்க?" நான் நிற்கவில்லை.

சாயங்காலம் நயினார் அண்ணன் வந்தான். அண்ணனுக்குக் காற்றாலையில் வேலை. கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி உச்சியில் ரிப்பேர் பார்க்கவேண்டும். போன வருஷம் ஒரு தடவை கால் வழுக்கி, இடுப்பு பெல்ட் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். அதைப் பற்றிக் கேட்டால், "பெல்ட்டு எதுக்குக் கட்டுதோம்?" என்று சிரிப்பான். சிரிக்காதது மைனிதான். அன்றையில் இருந்து அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை, பார்க்காத ஜோசியர் இல்லை.

அண்ணன் கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. "ஏளா, நல்லாத்தானே இருந்துச்சு? போன வாரம் ஸ்கேன்லகூட ஒண்ணும் இல்லன்னாவளே. திடீர்னு எப்படி இப்படி ஆவும்?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி, "நீங்க சாப்பிட்டியளா? வாங்க, கேன்டீன் அடைச்சிருவான்" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையணை உறையைச் சரிசெய்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நல்ல செய்தி. குளிர் மெத்தையை எடுத்துவிட்டார்கள். மூச்சுக்காக வாயில் விட்டிருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான் என்று நான் சொல்கிறேன். "வெளிச்சத்தைப் பார்த்தான்" என்கிறார் சிஸ்டர். இருக்கட்டும், வெளிச்சத்துக்குப் பக்கத்தில்தானே நான் நின்றேன்.

கையில் கட்டியிருக்கிற சீட்டில் 'பேபி ஆஃப் பொன்செல்வி' என்று இருக்கிறது. அதை நான்கு தடவை படித்தேன்.

என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி பாத்திரக் கடை வைத்திருக்கிறார். விலை பேசும்போதுகூடச் சத்தம் போடாத மனுஷர். இன்று வார்டு வாசலில் நின்று கத்திவிட்டார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அளவுக்கு மீறி மருந்து ஏற்றினால்தான் இப்படி ஆகும் என்று. "அந்த நர்ஸ் பிள்ளை ட்ரிப்பத் திறந்துவிட்டுட்டு போன் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் சும்மா விட மாட்டேன் செல்வி. மனு குடுக்கப் போறேன்."

அந்த நர்ஸ் பிள்ளையின் பெயர் ஜான்சி. போன் பார்க்கவில்லை. என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு கோபத்தில் இருக்கும்போது என்னத்தைச் சொல்ல? ஆறட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 10, புதன்

மைனி பஸ்ஸில் தினமும் வந்து போகிறாள். இன்று சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு. என் துணியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்தும் வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் துணியையும் துவைத்துப் போட்டாள். "உங்க மைனி மாதிரி யாரு கெடைப்பா" என்று அவள் மாய்ந்துபோகிறாள். உண்மைதான்.

ஆனால் வந்ததில் இருந்து மைனி கண்ணாடிப் பக்கம் ஒரு தடவைகூடப் போய்ப் பிள்ளையைப் பார்க்கவில்லை. கேட்டால், "கோயிலுக்கு மாலை போட்டிருக்கேன்லா, தீட்டு" என்கிறாள். கழுத்தில் மாலையைக் காணோம்.

டிசம்பர் 11, வியாழன்

அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மா என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார்களாம். "தப்பு எங்க ஸ்டாஃப் மேலதான். அந்தப் பொண்ண வேலையை விட்டு எடுத்தாச்சு" என்றார்களாம். அவர் ஏதோ ஜெயித்த மாதிரி வந்து என்னிடம் சொன்னார். "பாத்தியா? ஒத்துக்கிட்டாவ."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மைனி இன்றும் கொண்டுவந்த சுறாப்புட்டைச் செய்துங்கநல்லூர்க்காரிக்குக் கொடுத்தேன். அவள், "டீச்சர், பிள்ளைக்குப் பால் வேண்டாமா?" என்று திட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

முதல் தடவையாக மடியில் கொடுத்தார்கள். கனமே இல்லை. தலையைத் தாங்கினால் கை தொங்குகிறது, கையைப் பிடித்தால் கால் தொங்குகிறது. மார்பில் வைத்தேன். வாயைத் திறக்கிறான், அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை அவனுக்கு. சப்பவில்லை. பாலாடைச் சங்கில் ஊற்றிப் பார்த்தார்கள். கடைவாயில் வழிந்தது, விழுங்கவில்லை. மறுபடியும் மூக்குக் குழாயிலேயே கொடுத்தார்கள்.

"பழகிருவாம்மா" என்றார் சிஸ்டர். நான் மைதானத்தில் எத்தனை பிள்ளைகளிடம் இதே குரலில் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் மூளை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். ரிசல்ட் நாளைக்கு. நான் வராந்தாவில் எத்தனை தடவை போய் வந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாட்ச்மேன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "அம்மா, கும்பிட்டுக் கேக்கேன், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 13, சனி

மூளையின் நடுப்பகுதியில் பாதிப்பு இருக்கிறது. கை கால் அசைவுக்கும் விழுங்குவதற்கும் உள்ள இடமாம் அது.

"நடப்பானா டாக்டர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"சொல்ல முடியாது. லேட்டா நடக்கலாம். நடக்காமலும் போகலாம். பேச்சு வரலாம். பச்சைப்பிள்ளை மூளை, பயிற்சி குடுக்கக் குடுக்க நமக்கே ஆச்சரியமா சில பிள்ளைங்க தேறுவாங்க. தேறிருவான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டேன், "வலி வர ஏத்துற மருந்தால இப்படி ஆகுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்து நல்ல மருந்துதாம்மா. எத்தனையோ தாய்மாரக் காப்பாத்துற மருந்து. ஒரு வலி வரும்போது கர்ப்பப்பை இறுகும். அந்த நேரம் பிள்ளைக்கு ரத்தம் குறையும். வலி விட்டதும் மறுபடி ரத்தம் போகும். அந்த இடைவெளியிலதான் பிள்ளை மூச்சு வாங்கிக்கிடுதுன்னு வச்சுக்கோங்க. மருந்து அளவு கூடுனா வலி மேல வலி வரும். இடைவெளி இல்லாமப் போயிரும். அப்ப உடனே குறைக்கணும், இல்ல நிறுத்தணும்."

இரண்டு ஓட்டத்துக்கு நடுவே பிள்ளைகளை நிற்கவைத்து, "குனியாத, மூச்ச இழுத்து விடு" என்று சொல்கிறவள் நான். மூச்சு வாங்காமல் அடுத்த ஓட்டம் ஓடவைத்த ஒரு வாத்தியாரோடு ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் நான்.

டாக்டர் என்னையே பார்த்தார். "யாராவது குறைக்கணும்னு சொன்னாங்களாம்மா?"

"ஞாபகம் இல்ல" என்று மறுபடியும் சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் தேதி திருக்கார்த்திகை. வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது லேசாக வலி எடுத்தது. மைனி என்னை நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு, அங்கே இருந்தே ஜோசியருக்குப் போன் போட்டாள். மறுநாள் மத்தியானம் மூன்று மணி வரைக்கும்தான் கார்த்திகை நட்சத்திரம். அதற்குப் பிறகு ரோகிணி. ரோகிணியில் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்வதுதான். ஜோசியர் கூடுதலாக, "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப இருக்க திசைக்கு உசுருக்கே சேதம்" என்று சொல்லியிருக்கிறார்.

மைனி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செல்வி, அவ்வோ தெனமும் அந்த உசரத்துல ஏறுதாவ. ஒனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும். நான் ஜோசியம் பார்க்கிறவள் இல்லை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கவேண்டாம் என்று சண்டை போட்டவள். ஆனால் அண்ணன் பேச்சு வந்ததும் அந்த இடுப்பு பெல்ட்தான் ஞாபகம் வந்தது. நம்பிக்கை இல்லைதான், ஆனால் ஒருவேளை ஆகிவிட்டால்?

சிசேரியன் பண்ணிவிடலாமா என்று கேட்டாள் மைனி. நான்தான் மாட்டேன் என்றேன். கத்தி வைத்தால் மைதானத்துக்கு எப்போது போவது?

காலையில் டாக்டரம்மாவிடம் மைனி கேட்டாள், மூன்று மணிக்கு முன்னால் ஆகவேண்டும் என்று. டாக்டரம்மாவுக்கு அது புதிதே இல்லை. "எல்லாரும் கேக்குறதுதானே. ட்ரிப்பக் கொஞ்சம் கூட்டி வைப்போம், ஆயிரும்" என்று சிரித்தார்கள். ஜான்சியிடம் சொல்லிவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மத்தியானம் வலி விடவே இல்லை. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. ஜான்சி என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் துடிப்பை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "அக்கா, நடுவுல வயிறு இளகவே மாட்டேங்கு. பிள்ளைக்குத் துடிப்பு இறங்குது. நான் ட்ரிப்பக் குறைச்சுட்டு டாக்டரக் கூட்டிட்டு வாரேன்" என்று டியூப்பில் கை வைத்தாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். விளையாட்டுக்காரி கை, இறுக்கிப் பிடித்தால் யாராலும் விடுவிக்க முடியாது. "குறைக்காத. கொஞ்ச நேரந்தான். நான் தாங்கிக்கிடுவேன்" என்றேன்.

நான் தாங்குவேனா என்று அவள் கேட்கவே இல்லை. பிள்ளையைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

என் பிடி கொஞ்சம் தளர்ந்ததும் அவள் கையை உருவிக்கொண்டு ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மாவும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, முடிச்சிருவோம்" என்றார்கள். முடித்துவிட்டார்கள். மூன்று மணிக்கு முன்னால். வெளியே மைனி, "கார்த்திகைதான், கார்த்திகைதான்" என்று யாரிடமோ சொல்வது உள்ளே கேட்டது. பிள்ளை அழும் சத்தம்தான் கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. இன்று பாலாடையில் இரண்டு வாய் விழுங்கினான். மூன்றாவது வாய் புரை ஏறி நீலமாகிவிட்டான். என் உயிர் போய் வந்தது.

டிசம்பர் 17, புதன்

என் வீட்டுக்காரர் கொடுத்த மனுவுக்கு, வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையில் இருந்து ஒரு அதிகாரி இங்கேயே வந்து விசாரிக்கப் போகிறாராம். அண்ணனும் லீவு போட்டுவிட்டு வருகிறான், பெரியவன் ஒருத்தன் கூட இருக்கவேண்டும் என்று.

மைனி என்னைக் குளியலறைப் பக்கம் கூட்டிப்போனாள். "செல்வி, நாம நேரம் கேட்டதச் சொல்லிராத. ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை வச்சு வாழ மாட்டாவ."

"அப்ப ஜான்சி?"

"அவ சின்னப் பிள்ள. வேற எடத்துல வேலை கெடைக்கும். நர்ஸுக்கா வேலை இல்ல?" சொல்லிவிட்டு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன். ஒம் பிள்ளை கெட்டுப்போவணும்னா நெனச்சேன்?"

"நானும்தான் மைனி" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள்மேல் ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பாவமாக இருந்தது. எனக்கு அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள், அவளை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

டிசம்பர் 19, வெள்ளி

டாக்டர் எப்சிபாவின் அறையில்தான் விசாரணை. அதிகாரி ஐம்பது வயது இருக்கும் அம்மா. எங்கள் பக்கம் என் வீட்டுக்காரர், அண்ணன், மைனி, நான். வீட்டுக்காரர் முதலில் பேசினார். நர்ஸ் கவனிக்கவில்லை, போன் பார்த்தாள், கேட்காமல் மருந்தைக் கூட்டினாள். மனப்பாடம் பண்ணின மாதிரி சொன்னார்.

அதிகாரி அம்மா கேட்டார், "குறிப்பிட்ட நேரத்துக்குள்ள பிறக்கணும்னு வீட்டாள்கள் யாரும் கேட்டீங்களா? அங்க அப்படிக் கேக்குறது வழக்கம்னு சொல்றாங்க."

"நாங்க ஒண்ணும் கேக்கல" என்றாள் மைனி, ரொம்பச் சீக்கிரமாக.

அண்ணன்கூட, "பிரசவத்துக்கெல்லாம் நாங்க நேரம் பாக்கது கெடையாதும்மா. எந்தங்கச்சிக்கு ஜோசியமே ஆவாது" என்று பெருமையாகச் சொன்னான்.

ஜான்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை வரும்போது பார்த்திருந்தேன். பக்கத்தில் அவள் அப்பா. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து, "அக்கா, பாப்பா எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

"கேட்டோம்" என்றேன்.

மைனி என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். மூன்று மணி, ரோகிணி, ஜோசியர், டாக்டரம்மா சிரித்தது, ஜான்சி குறைக்க வந்தது, அவள் கையை நான் பிடித்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அதிகாரி அம்மா எழுதி முடித்துவிட்டுச் சொன்னார், "நீங்க ஆயிரம் கேப்பீங்கம்மா. கேக்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க. மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் ஒருத்தரை டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம். தப்பு முதல்ல அங்க இருக்கு." எப்சிபா டாக்டர் என் தோளில் கை வைத்தார். அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எனக்கு அது ஒட்டவில்லை.

அண்ணன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. மைனியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றான். "எனக்காவன்னு செஞ்சியளே, என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டியளா? இனிமே நான் சோத்துல கை வைக்கும்போதெல்லாம் இந்தப் பிள்ளை மூஞ்சிலா தெரியும். நான் உசுரோட இருக்கதுக்கு அவனலா குடுத்திருக்கிய."

"அண்ணே" என்று அவன் கையைப் பிடித்தேன். மெதுவாக எடுத்துவிட்டான். சின்ன வயதில்கூட அவன் என் கையை அப்படி எடுத்துவிட்டது கிடையாது.

டிசம்பர் 20, சனி

இன்று யாரும் வரவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வந்தார். பிளாஸ்கில் காபி. மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நர்ஸ் பிள்ளையப் போயி என்னெல்லாமோ சொல்லிட்டேன் செல்வி. அன்னைக்கு வெளிய பெஞ்சுல வச்சு, அவ அப்பா முன்னாலயே."

"ம்."

"எனக்குச் சொல்லிருக்கலாம்லா."

"சொல்லிருக்கணும்."

அவர் காபி மூடியை வாங்கிக் கழுவி வைத்தார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளை பக்கத்தில் நிற்க விடுகிற நேரம் முழுவதும் நின்றுவிட்டு வந்தார். "என் மூக்குதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை விட்டுப் போகவில்லை, அதுவே பெரிது என்று தோன்றியது.

ஜான்சியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்களாம். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது.

டிசம்பர் 24, புதன்

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பாலாடையில் குடிக்கிறான். ஒரு வேளைப் பாலைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. இட்லி வேகும்வரைகூட நிற்க மாட்டேன். இப்போது சொட்டுச் சொட்டாக ஊற்றி, அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த சொட்டு.

பிசியோதெரபி கற்றுக்கொடுக்க வீட்டில் இருந்து இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். தினமும் நான்கு தடவை, ஒருவர் தலையையும் தோளையும் பிடிக்க, இன்னொருவர் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். அவருக்குக் கடை இருக்கிறது. மைனியைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மைனி விசாரணையன்று போனவள்தான், அதற்குப் பிறகு வரவில்லை. அவர் போனை வாங்கிக் கூப்பிட்டால் எடுக்கிறாள். அழுகிறாள், பேச மாட்டேன் என்கிறாள்.

அறைக்குள் போனால் அண்ணன் அங்கே நிற்கிறான். கையை முழங்கை வரைக்கும் கழுவி, பச்சை அங்கி போட்டுக்கொண்டு. யார் சொன்னார்களோ, எப்போது வந்தானோ.

"நான் கத்துக்கிடுதேன்" என்றான். என்னிடம் இல்லை, பிசியோதெரபி அம்மாவிடம்.

டிசம்பர் 26, வெள்ளி

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். செய்துங்கநல்லூர்க்காரி வாசல் வரைக்கும் வந்து, "டீச்சர், இவன் ஓடுவான் பாருங்க, நீங்கதான் விசில் ஊதுவிய" என்றாள். அவளுக்கு நல்ல மனசு. ஃபிட்ஸ் மருந்து, மாதாமாதம் பரிசோதனை, தினமும் பயிற்சி. ஆறு மாதம் கழித்துத்தான் கழுத்து நிற்குமா என்று பார்த்துச் சொல்வார்கள். அவன் பெயர் இன்னும் பேபி ஆஃப் பொன்செல்விதான். பெயர் வைக்கலாம் என்று பேச்சு எடுத்தார் அவர். ஜாதகம் எழுதவேண்டும் என்று யாரும் பேச்சு எடுக்கவில்லை.

காரில் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். கற்றுக்கொடுத்த மாதிரியே ஒரு கை தலைக்கு, ஒரு கை தோளுக்கு. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் தன் உடம்பை வளைத்துக்கொடுத்தான். காற்றாலைகள் வந்த இடத்தில், "மருமவனே, அங்க பாரு, மாமா வேலை பாக்க எடம்" என்றான். ஆஸ்பத்திரியில் இருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் பிள்ளையிடம் பேசிக்கொண்டே வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலப் பயிற்சியை நானும் அண்ணனும் சேர்ந்துதான் செய்தோம். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் பிள்ளை. எங்கள் தலைகள் முட்டாத குறை. அண்ணன் பிள்ளையின் தலையைப் பிடிக்க, நான் காலை மடக்கி நீட்டினேன். பிசியோதெரபி அம்மா சொன்னபடி, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே நிறுத்தி, பிள்ளை மூச்சு வாங்கும்வரை பொறுத்து, பிறகு அடுத்தது. "அண்ணே, காபி போடட்டா?" என்று கேட்டேன். பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீடு பக்கத்து ஊர்தான். நாளைக்குக் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னாலும் வருவான். தினமும் வருவான், அது எனக்குத் தெரியும்.

அவன் ஏணி ஏறுவான், இறங்குவான், நன்றாக இருப்பான். நான் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைத்துவிட்டது.